துளிர்த்த கிளுவைக் கட்டையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி:
காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையோரக் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் நிலம்) ஒன்றில், வேலிக் கடவை, அதாவது நுழைவழியை, ஒட்டி நட்டிருந்த கிளுவைக் கட்டையின் குறுக்கே ஒரு கொம்பைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மாசியிலிருந்து ஓர் இலைகூட இல்லாமல் விறகாக நின்ற அந்தக் கட்டை, சென்ற வாரம் பெய்த கோடை மழைக்குப் பிறகு கணுவுக்குக் கணு துளிர்த்திருக்கிறது. குறுக்குக் கொம்பு மட்டும் காய்ந்தபடியே இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் இதை உயிர்த்தெழுதலின் அடையாளமாகச் சொல்ல விரும்புகிறேன். (கிளுவை, சிலுவை என்று எதுகை வேறு தானாகவே அமைந்துவிட்டது.) அப்படிச் சொல்வது தகுமா?

மறுமொழி 1:
கிளுவையின் இயல்பே அதுதான், ஐயா. வேலி வைக்கும்போது போத்தாக (கிளைத் துண்டாக) வெட்டித்தான் நடுகிறோம்; கோடையில் இலையை உதிர்த்துவிட்டு, ஈரம் கண்டதும் தழைத்துவிடும். குறுக்கே கட்டியது வெள்வேல் மரத்துக் கொம்பாக இருக்கும். அது வெட்டினால் வெட்டியதுதான். நாள்தோறும் அந்த வேலியோரம் ஆடு மேய்க்கும் பிள்ளைகளிடம் இதை அற்புதம் என்றால் சிரிப்பார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் அதனாலேயே இந்தக் காட்சியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வேதாகமத்தில் யோபு 14-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வெட்டிப்போட்ட மரத்துக்காவது நம்பிக்கை உண்டு, அடிக்கட்டை மண்ணிலே செத்தாலும் "தண்ணீரின் வாசனையினால்" துளிர்க்கும் என்று சொல்லும் யோபு, அதைக் கண்டு ஆறுதல் அடையவில்லை. மனிதனுக்கு அப்படி இல்லையே என்றுதான் புலம்புகிறார். நீங்கள் கண்ட கட்டைக்குள் உயிர் இருந்தது, மழைக்காகக் காத்திருந்தது. கல்லறையில் வைக்கப்பட்டவரோ மெய்யாகவே மரித்திருந்தார். துளிரை உயிர்த்தெழுதலுக்கு ஒப்பிட்டால், அவர் மரிக்கவில்லை, மயங்கித்தான் இருந்தார் என்பதுபோல் ஆகிவிடும். "மனுஷன் செத்தபின் பிழைப்பானோ?" என்று யோபு அதே அதிகாரத்தில் கேட்கிறாரே, அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உங்கள் கட்டை மிகவும் பொருத்தமானது. விடையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

மறுமொழி 3:
இன்னொரு செய்தி. தாவரவியலில் கிளுவையும் வெள்ளைப்போளம் என்னும் நறுமணப் பிசின் தரும் மரமும் கொமிபோரா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சிலுவையில் அறையும் முன் இயேசுவுக்குக் கொடுக்க முயன்ற திராட்சரசத்தில் வெள்ளைப்போளம் கலந்திருந்தது (மாற்கு 15:23). அவருடைய அடக்கத்துக்காக நிக்கொதேமு என்னும் யூதத் தலைவர் ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்த கலவையிலும் அது இருந்தது (யோவான் 19:39). ஆகவே உங்கள் வேலி மரத்தின் உறவு, ஈஸ்டரைக் காட்டிலும் பெரிய வெள்ளியோடுதான் நெருக்கமானது என்பேன்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வரும் ஞாயிறு பிள்ளைகளை அங்கேயே அழைத்துச் சென்று, யோபின் வசனங்களைப் படித்துவிட்டு, கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். காட்டுக்காரரிடம் அனுமதி கேட்டாயிற்று. குறுக்குக் கொம்பு வெள்வேல்தானாம். உள்ளே ஆடுகள் நிற்பதால் திரும்பும்போது படலைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்.