வீகன் தாய், ஏழு வாரக் குழந்தை: சாப்பாட்டில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி:

தங்கைக்குப் பிரசவமாகி ஏழு வாரம் ஆகிறது. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். தங்கை மூன்று வருடமாக வீகன். பால், தயிர், நெய், முட்டை எதையும் தொடுவதில்லை. அம்மா பத்தியம் என்று பருப்பு, கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பூண்டுக் குழம்பு, ரசம், சோறு என்றே போடுகிறார். பசும்பாலுக்குப் பதில் பாதாம் பால். சமையலுக்கு இந்துப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இரவில் ஒன்றாகவே விழுங்குகிறாள். எதை மாற்ற வேண்டும்? பி12க்கு ஸ்பைருலினா பொடி போதுமா?

பதில் 1:

ஸ்பைருலினா போதாது. அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும், உடம்புக்கு உதவாத வடிவம். பழைய சோறு, இட்லி மாவு, கடற்பாசி எதையும் இதற்கு நம்ப முடியாது. மற்ற சத்துகளைச் சாப்பாட்டில் ஓரளவு சரிக்கட்டலாம். இதற்கு மட்டும் மாத்திரைதான் வழி.

பாலூட்டும் தாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது 3 மைக்ரோகிராம் அளவுதான். ஆனால் ஒரு வேளையில் குடல் முறையாக உறிஞ்சுவது சுமார் 2 மைக்ரோகிராம். அதற்கு மேல் போட்டதில் நூற்றில் ஒரு பங்கு போலத்தான் உள்ளே போகும். அதனால்தான் மாத்திரையின் அளவு பெரிதாக இருக்கிறது. தினமும் 50 மைக்ரோகிராம் சயனோகோபாலமின் (மாத்திரையில் வரும் பி12 வடிவம்), அல்லது வாரத்துக்கு இரண்டு முறை 1000 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு.

ஆனால் அக்கா, இது குறைபாடு இல்லாதவர்களுக்கான அளவு. மூன்று வருடம், அதிலும் கர்ப்ப காலம் முழுவதும் பி12 எடுக்காமல் இருந்திருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்: பி12, கூடவே ஹோமோசிஸ்டீன் (பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்). ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அரசு இரும்பு மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது மறைத்துவிடும், நரம்புப் பாதிப்பு மட்டும் உள்ளே தொடரும்.

தங்கைக்குக் குறைவு என்று வந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். தாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துக் குழந்தையின் குறைபாடு சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. அறிகுறிகள் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு மாதத்தில்தான் தலைகாட்டும்: சிரித்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும், நின்ற தலை மறுபடி தொங்கும், உடம்பு துவளும், விரல் முட்டிகள் கறுக்கும், பிறகு நடுக்கம் வரும். அதுவரை குழந்தை கொழுகொழு என்றுகூட இருக்கலாம்.

கடையில் வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பி12-இன் இன்னொரு வடிவமான ‘மெதில்கோபாலமின்’ என்று கேட்டால் பிரிகாபலின் கலந்த நரம்புவலி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நம் ஊர் மருந்துக்கடைகளில் நடக்கிறது. பாலூட்டும்போது அது வேண்டாம்.

பதில் 2:

மாத்திரைகளை இன்றிரவே பிரித்துவிடலாம். கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாது; நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் காலை டிபனோடு ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று. இரும்பு மாத்திரையை மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவே எலுமிச்சைச் சாறோடு போடட்டும். காபி, டீ அதிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி. பிரசவத்துக்குப் பின் இரண்டையும் ஆறு மாதம் தொடர வேண்டும்.

இந்துப்பில் சேர்க்கப்பட்ட அயோடின் கிடையாது. பாலும் மீனும் இல்லாத வீட்டில் அயோடினுக்கு வேறு பெரிய வழியும் இல்லை. அயோடின் உப்புக்கு மாறுங்கள், இறக்கும்போது போடுங்கள், மூடி வையுங்கள். அதையும் கணக்குப் பார்த்தால், விதிப்படி கிலோவுக்குக் குறைந்தபட்சம் 15 மில்லிகிராம் உள்ள உப்பு 5 கிராம் சாப்பிட்டால் 75 மைக்ரோகிராம்தான் வரும். தாய்க்குத் தேவை 250. அதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம். 150 மைக்ரோகிராம் அயோடின் உள்ள பிரசவகால மல்டிவைட்டமின் ஒன்றை மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு பிரச்சினை இருந்தால் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேட்டவர்:

நன்றி. அம்மா விஷயம்தான் கஷ்டம். பருப்பு சாப்பிட்டால் குழந்தைக்கு மாந்தம் வரும் என்கிறார். பால் ஊற வெந்தயக் கேப்சூல் வாங்கலாமா?

பதில் 3:

பருப்பில் வாயு உண்டாவது தாயின் பெருங்குடலில். அது ரத்தத்தின் வழியாகப் பாலுக்கு வந்து குழந்தையின் வயிற்றை ஊதவைப்பதில்லை. தங்கைக்கே வயிறு உப்பினால் கடலை வகையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டிக் குக்கரில் குழைய வேகவையுங்கள். துத்தநாகமும் இரும்பும் கூடுதலாகக் கிடைக்கும். பாசிப்பருப்பில் ஆரம்பித்தால் அம்மாவும் ஒத்துக்கொள்வார்.

இப்போது அவளுக்கு வழக்கத்தைவிட 600 கலோரி கூடுதலாக வேண்டும், புரதம் 60 கிராமுக்கு மேல். ரசம் சோற்றில் இது வராது. ஒரு நாளில் துவரையோ பாசியோ 60 கிராம் (சுமார் 13 கிராம் புரதம்), மீல்மேக்கர் 25 கிராம் (12), வேர்க்கடலை 30 கிராம் (7), ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை சுண்டல். மீதி அரிசி, கேழ்வரகு, காய்களில் சேர்ந்துவிடும். 60 கிராம் கேழ்வரகு மாவில் கால்சியம் 200 மில்லிகிராம். முருங்கைக்கீரை நல்லது. பாலக்கீரையைக் கால்சியத்துக்காகச் சாப்பிட வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாதாம் பால் ஒரு தம்ளரில் புரதம் ஒரு கிராம் போலத்தான் தேறும். அந்தக் காசுக்கு கால்சியம் சேர்த்த சோயா பால் வாங்கலாம்.

குழம்பில் போடும் வெந்தயத்தால் ஒன்றும் ஆகாது. கேப்சூல் அளவு வேறு: ரத்தச் சர்க்கரையைக் குறைத்துவிடலாம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தோடு மோதும், சில பேருக்குப் பேதியாகும். பால் ஊறுவது மார்பு காலியாவதைப் பொறுத்தது. 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை குடிக்கிறதா, ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்திருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

பதில் 1 (தொடர்ச்சி):

விட்டுப்போனது டிஹெச்ஏ, குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு. ஆளி விதையை முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். வறுத்துப் பொடித்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துத் தினம் ஒரு மேசைக்கரண்டி. அதிலுள்ள ஒமேகா-3 உடம்பில் டிஹெச்ஏவாக மாறுவது சொற்பம் என்பதால், முடிந்தால் நுண்பாசி (ஆல்கா) எண்ணெய்க் கேப்சூல், 200 மில்லிகிராம் டிஹெச்ஏ. குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தனியாக வேண்டும். தாய் என்ன சாப்பிட்டாலும், வீகனோ இல்லையோ, தாய்ப்பாலில் அது போதுமான அளவு வருவதில்லை.