சாய்ந்த பப்

கார்த்திக் (டட்லி, இங்கிலாந்து): சித்தப்பா, இந்தப் பழைய படத்தைப் பாருங்கள். ஹிம்லி கிராமத்து ‘க்ரூக்கெட் ஹவுஸ்’ பப். எடுத்தவர் கை நேர்தான்.

சித்தப்பா (நெய்வேலி): எத்தனை பாகை சாய்வு?

கார்த்திக்: சுமார் 15. 1765இல் பண்ணைவீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி வெட்டியதில் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

சித்தப்பா: எங்கள் ஊரில் திறந்தவெளிச் சுரங்கம். வீடு சாயாது, வீடே இருக்காது.

மாலதி அத்தை: காலையிலேயே குடும்பக் குழுவில் சாராயக்கடையா?

கார்த்திக்: பிள்ளைகுட்டியோடு சாப்பிட வருகிற இடம் அத்தை. மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டை நோக்கி உருளும்!

சித்தப்பா: பள்ளத்துக்குத்தான் உருளும். சுவரும் ஜன்னலும் சாய்ந்திருப்பதால் கண் ஏமாறுகிறது.

மாலதி அத்தை: நான் அங்கே வரும்போது கூட்டிப்போ.

கார்த்திக்: இப்போது எதுவும் இல்லை அத்தை. 2023 ஜூலையில் விற்றார்கள். ஆகஸ்ட் 5 இரவு தீ. பாதையில் மண்மேடு கிடந்ததால் தீயணைப்பு வண்டிகள் நெருங்கவே திணறின. 7ஆம் தேதி இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

பிரியா (லண்டன்): மாடியில் சில பகுதிகளை மட்டும் அகற்றத்தான் உள்ளாட்சி மன்றம் ஒப்புக்கொண்டிருந்தது. பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் போனதே தீக்குச் சில நாட்களுக்கு முன்புதான். இத்தனை ஆண்டுகள் என்ன செய்தார்களோ!

கார்த்திக்: 2024 பிப்ரவரியில் மன்றம் உத்தரவு போட்டது: தீக்கு முன்பு இருந்தபடியே மூன்று ஆண்டுக்குள் திரும்பக் கட்ட வேண்டும். உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

சித்தப்பா: இருந்தபடி என்றால் சாய்த்தா?

கார்த்திக்: ஆமாம்.

சித்தப்பா: மூன்று மீட்டர்ச் சுவரின் தலை 80 செ.மீ. போல விலகி நிற்கும். தூக்குக்குண்டு பிடிக்கிற கொத்தனார் ஓடிவிடுவார். நேராகக் கட்டினால் பில் பாஸ் ஆகாது!

பிரியா: சிரிக்காதீர்கள் சித்தப்பா, இங்கே நடந்திருக்கிறது. மைடா வேலில் கார்ல்டன் டேவர்ன் பப்பை 2015இல் அனுமதியில்லாமல் இடித்தார்கள். அப்படியே திரும்பக் கட்ட வைத்து, 2021இல் திறந்தாயிற்று. பட்டியலில் சேர்ப்பதற்காக முன்பே விவரங்களைப் பதிவுசெய்து வைத்திருந்ததால் முடிந்தது.

சித்தப்பா: அது நேர்ச் சுவர் அம்மா. இதற்கு அஸ்திவாரத்தை எப்படிப் போடுவது?

சித்தி: பிரியா, இனிமேல் பதில் போடாதே. பென்சிலும் அளவுகோலும் எடுத்து உட்கார்ந்துவிட்டார். தோசை ஆறுகிறது.