டின் கறியைக் கங்குல சுட்ட அனுபவம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

காங்கயத்தான்:
சிங்கப்பூர், துபாய்ல இருந்து வர்ற பெட்டியில கோடாலித் தைலத்துக்கு அடியில கெடக்குமே, அந்த 340 கிராம் ஸ்பாம் டின்தான், பன்னிக்கறிய அரைச்சு அடைச்சது. மறக்க முடியாதது ஒரே ஒரு நொடி. துண்டைக் கம்பி வலையில வெச்சதும் ஜெல்லி உருகிக் கங்குல சொட்டி 'சொய்ங்'னு ஒரு சத்தம். திருப்பப் போனா அடிப்பக்கம் வலையோட ஒட்டிக்கிட்டு, மீதி ரெண்டாப் பிஞ்சு சாம்பல்ல விழும். ஜெல்லியத் தொடைக்காம வெச்சா அப்படித்தான். ஈரம் இருக்கற வரைக்கும் கறி செவக்காது, ஒட்டத்தான் செய்யும். டின்னை ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா கத்திக்கு நின்னு குடுக்கும். ஒரு செ.மீ. கனத்துல அறுத்து, வேட்டித் துணியில ஒத்தி, கடலெண்ணெயத் துண்டு மேல தடவோணும், வலை மேல இல்லை. வெச்ச பொறவு மூணு நிமிசம் கை வெக்காதீங்க. செவந்துட்டா அதுவே வலையை விட்டுரும். மறுபக்கத்துக்கு ரெண்டு நிமிசம் போதும்.

பவானிக் கூடுதுறை:
அந்த சத்தம் இப்ப வர்ற டின்னுல அவ்வளவா வராதுங்க. ஸ்பாம் 1937ல வந்த சரக்கு. ஜெல்லி சேர்றதக் கொறைக்கறதுக்காக 2009ல உருளைக்கிழங்கு மாவு சேத்தாங்க. அதனால ஒட்டறதும் கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. அதுல சர்க்கரையும் இருக்கு. மூணு நிமிசம்ங்கறது தணிஞ்ச கங்குக்குச் சரி, செவச்செவன்னு இருக்கற கங்குல வெச்சா ஒன்றரை நிமிசத்துலயே ஓரம் கருகிரும். டின்னுக்குள்ளயே வெந்த கறிதான் அது. நம்ம வேலை மேல்பக்கத்தச் செவக்க வெக்கறது மட்டும்.

பள்ளிபாளையம் தறி:
ரெண்டு பேரும் பன்னிக்கறி டின்னைப் பத்தியே பேசறீங்க. நம்ம பக்கம் வந்ததுல நெறைய கோழி டின்னு. அது மாவு மாதிரி அரைச்ச கறி, வலையில நிக்காது. ஒன்றரை செ.மீ. கனம் வேணும், தோசைக்கல்லைக் கங்கு மேல வெச்சு அதுல போடோணும். இடுக்கியில புடிச்சா நசுங்கிரும், தோசைக் கரண்டிதான் லாயக்கு. மாட்டுக்கறி டின்னைச் சுடவே முடியாது. சாவியச் சுத்தித் தொறக்கற, ஒரு பக்கம் குறுகின டின் அது. கறி முழுசா வழுக்கி வெளிய வரட்டும்னு 1875ல காப்புரிமை வாங்கின வடிவம். வர்றதென்னவோ அழகாத்தான் வரும், கங்குக்குக் காட்டினா கொழுப்பு உருகி உதுந்துரும். வேகவெச்ச உருளைக்கிழங்கைச் சரிபாதி பிசைஞ்சு தட்டி, கல்லுல சுடுங்க. படத்த மட்டும் பாத்து ஏமாறாம, எந்தக் கறின்னு சீட்டைப் படிச்சுட்டுத் தொறங்க.

வெள்ளக்கோயில் களம்:
கேக்காமச் சொல்றேன், தீயைப் பத்தி ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லலை. களத்துல தேங்காத்தொட்டி குமிஞ்சு கெடக்குதுன்னு அதையே அள்ளிப் போட்டு எரிக்காதீங்க. கருகருன்னு புகை கக்கும், கறியில தார் வாடை ஏறும். தொட்டியக் கரியாக்கினது வேற. புகை இருக்காது, சூடு சாஸ்தி. பொடிசாக் கெடந்தா மட்டும் சீக்கிரம் அணைஞ்சுரும். நின்னு எரியோணும்னா கொறங்காட்டு வெள்வேலங்கட்டை. வேப்பங்கட்டை வேண்டாம், புகை கசக்கும். கங்கு மேல வெள்ளையாச் சாம்பல் பூக்கோணும். வலை இருக்கற ஒசரத்துல உள்ளங்கையக் காட்டி அஞ்சு எண்ணற வரைக்கும் தாங்குனா சரியான சூடு. ரெண்டுலயே இழுத்துக்கிட்டா இன்னும் தணியோணும். கங்கை ஒரு பக்கமாக் கூட்டி வெச்சு, மறுபக்கத்தக் காலியா விடுங்க. கொழுப்பு சொட்டித் தீ எந்திரிச்சா துண்டைக் காலிப் பக்கம் தள்ளுங்க. தண்ணி தெளிச்சா சாம்பல் பறந்து கறி மேல அப்பிக்கும். ஆடியில பாலக்காட்டுக் கணவாக் காத்து வீசறப்ப மேக்குப் பக்கம் ஒரு தகரத்த நிறுத்தாம ஆரம்பிக்காதீங்க.

தாராபுரத்து அக்கா:
டின்னாம் டின்னு. நோம்பிக்குக் கடா வெட்டி, ஒறம்பரையெல்லாம் போன பொறவு மிஞ்சற கறியில போட்ட உப்புக்கண்டத்துக்கு முன்னால இதெல்லாம் எந்த மூலைக்கு? எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ. கொழுப்பைச் சுத்தமா எடுங்க, இல்லாட்டி நாள்பட நாள்பட காறல் வாடை வரும். விரல் கனத்துல நீளமா அறுத்து, கல்லுப்புப் பொடி 60 கிராம், மஞ்சத்தூள் ஒரு கரண்டி, மொளகாத்தூள் ரெண்டு கரண்டி பெசறி ஒரு ராத்திரி வெச்சு, விட்ட தண்ணிய வடிச்சிருங்க. கோணி ஊசியில சணல் கோத்துத் தொங்க விடறப்ப துண்டோட துண்டு ஒட்டக் கூடாது, ஒட்டின சந்துலதான் ஈ முட்டை வெக்கும். கொசுவலையச் சுத்திக் கட்டுங்க. சித்திரை வெயில் நாலஞ்சு நாள் போதும். ராத்திரி பனிக்கு விடாம அடுப்புப் புகைக்கு மேல கட்டோணும். கிலோ கறி காஞ்சு 350 கிராம் பக்கம் வரோணும். அரைக்கிலோ நிக்குதுன்னா உள்ள ஈரம் இருக்கு, பூசணம் பூத்துரும். சுடறது வெறும் அரை நிமிசம், கங்கு மேலயே போட்டுப் பொரட்டி எடுக்கோணும். தாண்டினா மொளகாத்தூள் கருகிக் கசக்கும். அம்மியில வெச்சு ஒரு தட்டு தட்டினா நார் நாராப் பிரியும் பாருங்க, அப்ப ஒரு வாசம் வரும், அதுக்குத்தான் இத்தனை பாடும். சின்ன வெங்காயம், கம்மஞ்சோறு.

ஈரோட்டு மாப்ள:
அக்கா, கேட்டது டின் கறி. உங்க 60 கிராம் உப்புல தண்ணியோட வடிஞ்சது போக மீதி அந்த 350 கிராமுக்குள்ளதான் நிக்குது, கவனிச்சீங்களா? ஸ்பாம் சீட்டுல 56 கிராமுக்கு 790 மி.கி. சோடியம், அதாவது உப்பு ரெண்டு கிராம். முழு டின்னுக்கு 12 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ளங்குது உலக சுகாதார நிறுவனம். அறுத்த துண்டை வெந்நீர்ல ரெண்டு நிமிசம் போட்டு எடுத்தா உப்பு கொஞ்சம் எறங்கும். பொறவு காங்கயத்து அண்ணன் சொன்ன மாதிரி நல்லாத் தொடைங்க. தொட்டுக்கற தயிர்லயும் சோத்துலயும் உப்பே போடாதீங்க.

சென்னிமலை:
அட்டாலியில பழைய டின் ஒண்ணு இருக்குதுங்க. மூடி லேசா உப்பியிருக்கு. நல்லாச் சுட்டா சரியாயிருமா?

பள்ளிபாளையம் தறி:
ஆகாதுங்க. உள்ள கிருமி வளந்து வாயு சேந்தா மூடி உப்பும், வாடையே இல்லாமக்கூட விசம் இருக்கலாம். கங்குல சுட்டா மேல்பக்கம் செவக்குமே ஒழிய நடுவுல எவ்வளவு சூடு ஏறுச்சுன்னு கண்ணுக்குத் தெரியாது. தொறக்காதீங்க, ருசி பாக்காதீங்க. தொறக்காத டின்னைத் தீப்பக்கமே கொண்டு போகாதீங்க, வெடிக்கும். ரெண்டு பையில கட்டி, நாய் இழுக்காத எடமாப் பாத்துப் போட்டுருங்க.