ஷேர்டு ஃபோல்டருக்கு 777 போட்டால் போதும் என்று யார் சொன்னது?

ரூட்டுராசா:
விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கம்ப்யூட்டருக்குள்ள இன்னொண்ணை ஓட்டுற சாஃப்ட்வேர்) லினக்ஸ் ஓட்டுகிற ஒருத்தர், ஷேர்டு ஃபோல்டர் (வெளிக் கம்ப்யூட்டரோட பகிர்ந்துக்கிற ஃபோல்டர்) கண்ணுக்குத் தெரியுது, திறந்தா 'பெர்மிஷன் டினைட்' வருதுன்னு கேட்டிருந்தார். 'சூடோ போட்டு சிஹெச்மோட் 777 அடிங்க, முடிஞ்சுது'ன்னு ஒரு மேதாவி பதில். அதாவது அட்மின் அதிகாரத்தோட எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கிற கமாண்ட். அதுக்கு நன்றி சொல்ல ஒரு கூட்டம் வேற! அய்யா, ஆட்டோமவுண்ட் ஆன (தானா இணைஞ்ச) ஃபோல்டருக்கு ஓனர் ரூட் (அட்மின்), குரூப் விபாக்ஸ்எஸ்எஃப். மவுண்ட் ஆகும்போதே முடிவான விஷயம் இது. கெஸ்டுக்குள்ள (உள்ளே ஓடுற லினக்ஸுக்குள்ள) உட்கார்ந்து 777 அடிச்சா எதுவும் அசையாது. யூசரை அந்தக் குரூப்பில் சேர்த்துட்டு லாகவுட் பண்ணி உள்ளே வரணும். அவ்வளவுதான்.

கருவண்டு:
அந்த மேதாவி நான்தான். 777 போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணேன், திறந்துச்சு. வேலை செஞ்சதை இல்லைன்னு சொல்ல நீங்க யார்?

ரூட்டுராசா:
அதுக்கு முன்னாடி குரூப்பில் சேர்த்தீங்களா இல்லையா?

கருவண்டு:
சேர்த்தேன். அப்ப திறக்கல. 777 போட்டப்புறம்தான் திறந்துச்சு.

ரூட்டுராசா:
ரீஸ்டார்ட் பண்ணப்புறம்தான் திறந்துச்சு! குரூப் மாற்றம் புதுசா லாகின் பண்ணாத்தான் ஏறும். காரியம் பண்ணது ரீஸ்டார்ட், மாலை 777க்கா?

பைட்டுப்பையன்:
லாகவுட்கூட வேணாம் அண்ணே, நியூஜிஆர்பி (அங்கேயே புதுக் குரூப்புக்கு மாறுற கமாண்ட்) அடிச்சாலே போதும்.

ரூட்டுராசா:
அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும் தம்பி. ஃபைல் மேனேஜர் பழைய குரூப்போடயே நிக்கும். பாதி தெரிஞ்சவங்கதான் இங்க அதிகம்.

பைட்டுப்பையன்:
முழுசா தெரிஞ்சவர் இன்னும் விர்ச்சுவல்பாக்ஸைக் கட்டிக்கிட்டு அழுவீங்களா? லினக்ஸ்லயே இருக்கிற கேவிஎம்முக்கு வாங்க. அதுல ஃபோல்டர் பகிர விர்ட்டியோஎஃப்எஸ் 2019லயே லினக்ஸ் 5.4ல வந்தாச்சு.

ரூட்டுராசா:
அவர் ஹோஸ்ட் (வெளிக் கம்ப்யூட்டர்) விண்டோஸ். கேள்வியைப் படிச்சிட்டுப் பேசு.

நிழலாடி:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. எழுதுற உரிமையோட ஹோஸ்ட் ஃபோல்டரைத் திறந்துவிட்டா, கெஸ்டுக்குள்ள ரான்சம்வேர் புகுந்தா அந்த ஃபோல்டரும் காலி. ரீட்-ஒன்லி வெச்சாப் போதாதா?

கருவண்டு:
அதைக் கேளுங்க ராசாகிட்ட. போன தடவை சிம்லிங்க் (வேற ஃபைலைச் சுட்டுற குறுக்குவழி) விஷயத்துலயும் இப்படித்தான் குதிச்சார்.

ரூட்டுராசா:
சிம்லிங்க் உருவாக்குறது அங்க டீஃபால்ட்டா தடை. அன்னைக்கும் நான் சொன்னதுதான் சரி. பேச்சை மாத்தாதீங்க, 777 என்ன மாத்துச்சு? எல்எஸ் மைனஸ் எல் (உரிமைகளைக் காட்டுற கமாண்ட்) போட்டு அடிக்கறதுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டையும் இங்க ஒட்டுங்க பார்ப்போம்.

கருவண்டு:
உங்களுக்கு நிரூபிக்கறது என் வேலை இல்ல.

புதுவரவு:
கேள்வி கேட்டது நான்தாங்க. ராசா சார் போன பதிவுல கொடுத்த யூசர்மோட் மைனஸ் பெரிய ஜி (யூசரோட குரூப்பை அமைக்கிற) கமாண்டை அடிச்சு லாகவுட் பண்ணேன். ஃபோல்டர் திறக்குது. ஆனா இப்ப சூடோ வேலை செய்யல, 'நீ சூடோயர்ஸ்ல இல்ல'ங்குது.

பைட்டுப்பையன்:
ஹாஹா! மைனஸ் சின்ன ஏ விட்டுப்போச்சு. இருந்த குரூப் எல்லாத்தையும் துடைச்சிட்டு அது ஒண்ணை மட்டும் வெச்சிருக்கும். ரெக்கவரி மோடுல போய் சூடோ குரூப்பைத் திரும்பச் சேருங்க.

கருவண்டு:
777 போட்டவன் யாரோட சூடோவையும் பறிக்கல.

ரூட்டுராசா:
ஏ போடணும்ங்கறது மேனுவல்ல இருக்கு, அடிக்கறதுக்கு முன்னாடி படிக்கணும். ஃபோல்டர் திறந்துச்சா இல்லையா? 777 இல்லாமத் திறந்துச்சா இல்லையா?

புதுவரவு:
ரெக்கவரி மோடுக்கு எப்படிப் போறது?

கருவண்டு:
ரீஸ்டார்ட் இல்லாம எனக்கும் திறந்திருக்கும். 777 போட்டிருந்தேன்ல.

ரூட்டுராசா:
மறுபடியும் ஆரம்பிச்சிட்டார்.