டிராயர் கடைசி 2 அங்குலத்தில் இறுகுகிறது, புது ஷீட் வாங்காமல் சரிசெய்ய வழி உண்டா?

வேளச்சேரி மாடிவீடு:
18 மில்லி பிளைவுட்டில் 4 டிராயர் வைத்த பெட்டி வீட்டிலேயே செய்தேன். உயரம் மூன்றரை அடி, உள் அகலம் 726 மில்லி, ஆழம் 18 அங்குலம். 16 அங்குல டெலஸ்கோபிக் சேனல் (டிராயர் சறுக்கி ஓடும் இரும்புத் தண்டவாளம்). டிராயர் 12 மில்லி பிளை, வெளி அகலம் 700. மேல், கீழ் டிராயர்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. நடு இரண்டும் மூடும்போது கடைசி 2 அங்குலத்தில் இறுகுகின்றன. முகப்புப் பலகை மட்டும் நாட்டு மரம். மழை தொடங்கியதிலிருந்து ஒன்றோடொன்று உரசுகிறது. பட்ஜெட் முடிந்துவிட்டது.

மரத்தூள்:
டிராயர் பக்கத்தை ஒரு நூல் இழைச்சுடுங்க.

மூலைமட்டம்:
வேண்டாம்ங்க. சேனல் ஒரு பக்கத்துக்கு 12.7 மில்லி எடுக்கும். 726-ல் 25.4 போனால் 700.6. உங்க 700 சரியான அளவுதான். ஒரு நூல், அதாவது 3 மில்லி இழைத்தால் பின்னால் இறுக்கம் போகும், முன்னால் ஆட்டம் வரும். கடைசியில் மட்டும் இறுகுதுன்னா பெட்டியின் பின்பக்கம் குறுகியிருக்கு. டிராயரைக் கழற்றி, நடு உயரத்தில் முன்னும் பின்னும் உள் அகலம் அளந்து சொல்லுங்க. பின்பக்க மூலைவிட்டம் இரண்டும் வேணும்.

வேளச்சேரி மாடிவீடு:
நடுவில் முன் 726, பின் 722. மேலும் கீழும் பின்னால் 726தான். மூலைவிட்ட வித்தியாசம் 1 மில்லி. பின்னால் 4 மில்லி பிளை, ஆணி அடித்தது.

மூலைமட்டம்:
அப்போ பெட்டி கோணை இல்லை, பக்கப்பலகை உள்ளே வளைந்திருக்கு. மூன்றரை அடிக்கு நடுவில் பிடிமானமே இல்லை. 4 மில்லி பிளையும் ஆணியும் அதைத் தாங்காது. மிச்சமான 18 மில்லி துண்டில் 3 அங்குல அகலப் பட்டை ஒன்று, நீளம் மிகச் சரியாக 726. அதை நடு இரண்டு டிராயருக்கும் இடைப்பட்ட உயரத்தில், பின்பலகையை ஒட்டி நிமிர்த்தி வைங்க. சேனல் 16 அங்குலம்தான் என்பதால் பின்னால் இடம் இருக்கு, டிராயர் இடிக்காது. ஃபெவிகால் தடவி, வெளியிலிருந்து முனைக்கு இரண்டு 2 அங்குல ஸ்க்ரூ. பட்டையின் முனையில் 2.5 மில்லி துளை முதலில் போடணும். நேரே முடுக்கினால் பிளை அடுக்கு பிளந்துவிடும். ஒரு இரவு காயட்டும்.

இழைப்புளி:
முகப்புக்கு நான் சொல்றேன். பாலிஷ் முன்பக்கம் மட்டும் போட்டீங்களா? அப்படின்னா பின்பக்கமும் வெட்டுமுனையும் ஈரத்தைக் குடிக்கும். மரம் அகலவாக்கில்தான் ஊதும், நீளத்தில் அல்ல. 8 அங்குலப் பலகை மழைக்காலத்தில் 2 மில்லி வரை ஊதலாம். இப்பவே இழைத்தால் மே மாதம் இடைவெளி பல்லிளிக்கும். கழற்றி, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி ஃபேன் கீழே இரண்டு வாரம் நிறுத்துங்க. பிறகு பலகைகளுக்கிடையே 3 மில்லி விட்டு இழைத்து, ஆறு முகத்துக்கும் சாண்டிங் சீலர் (மரத்துளையை அடைக்கும் அடிப்பூச்சு) இரண்டு கை. திரும்ப மாட்டும்போது டிராயர் உள்ளிருந்து ஸ்க்ரூ போடுங்க. டிராயரில் போடும் துளை மட்டும் ஸ்க்ரூவைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும், முகப்பை மேலே கீழே நகர்த்திக்கலாம்.

வேளச்சேரி மாடிவீடு:
பட்டை போட்டாச்சு. பின்னாலும் 726 வந்துவிட்டது, இறுக்கம் இல்லை. மூன்றாவது டிராயர் மட்டும் பாதி வழியில் "டக்" என்று தட்டுகிறது.

மூலைமட்டம்:
சேனலை முழுசா இழுத்து உள் ஸ்க்ரூக்களை விரலால் தடவுங்க. ஏதோ ஒரு தலை மேலே நிற்கும், சேனலுக்குள் குண்டுகளைப் பிடித்து ஓடும் குண்டுக்கூடு அதில் மோதும். சாய்வா முடுக்கியிருந்தால் கழற்றி, பக்கத்துத் துளையில் 16 மில்லி தட்டைத்தலை ஸ்க்ரூவா நேரே போடுங்க. டிராயர் பக்கத்துக்கு 12 மில்லி ஸ்க்ரூவே போதும், நீளமா இருந்தால் உள்ளே முனை நீட்டித் துணியைக் கிழிக்கும்.