கருவம் வேண்டாம், பாறைக்கரணை என்போம்

வணக்கம்.

கடலடியில் துளைபோடும்போது குழாய்க்குள் அடைபட்டு மேலே வரும் உருளைப் பாறைக்கு (ஆங்கிலத்தில் 'core') 'கருவம்' என்றே தமிழ்ச் சொல் வைத்துவிடலாம் என்று நம் கலைச்சொல் குழுவில் பேச்சு முடியப்போகிறது போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நான் மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மாலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். போன வாரம் நம் கடலைப் பற்றியே சொல்லலாமே என்று அட்லாண்டிஸ் திட்டு என்னும் கடலடி மேட்டை எடுத்தேன். போர்ட் லூயிஸிலிருந்து நேர் தெற்கே ஏறக்குறைய 1,400 கிலோமீட்டரில், தென்மேற்கு இந்திய விரிமுகட்டை, அதாவது கடலடி மலைத்தொடரை, ஒட்டி இருக்கிறது. (விரிமுகடு என்ற சொல்லில் எனக்கு மறுப்பே இல்லை. ஆப்பிரிக்கத் தட்டும் அண்டார்டிக் தட்டும் ஆண்டுக்குச் சுமார் 14 மில்லிமீட்டர் விலகுவது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.) மற்ற இடங்களில், பாறைக்குழம்பு ஆழத்தில் மெல்ல இறுகி உண்டான கப்ரோ பாறையைப் பார்க்க, மேலே கிடக்கும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை அடுக்குகளை முதலில் துளைத்தாக வேண்டும். இங்கே ஒரு பெரும்பிளவு கப்ரோவைக் கீழிருந்து இழுத்து வந்து, 700 மீட்டர் சொச்சம் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருக்கிறது. ஜோய்டிஸ் ரெசல்யூஷன் என்ற கடலடித் துளையாய்வுக் கப்பல் 1987-இல் 500 மீட்டர் துளைத்தது, 1997-இல் அதே துளையை 1,508 மீட்டர் வரை இறக்கினார்கள், என்று சொல்லிக்கொண்டே வந்து "கருவத்தை மேலே எடுத்தார்கள்" என்றேன். உடனே முன்வரிசைப் பெண், "பூமியின் நடுவரைக்குமா போனார்கள் ஐயா?" என்றாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. பாடநூலில் கருவம் என்றால் மேலோட்டுக்கும் கவசத்துக்கும் கீழே, 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவது. இவர்கள் துளைத்தது மேலோட்டில் ஒன்றரைக் கிலோமீட்டர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக அந்தக் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்? பிரெஞ்சில் இந்தப் பாறைக்குப் பெயர் கரோட், நாம் சமைக்கும் அதே கேரட். எங்கள் பிள்ளைகளுக்கு அது கேட்டவுடன் புரிகிறது, ஏனென்றால் அது கையில் பிடித்துப் பார்த்த பொருள்.

நமக்கும் அப்படி ஒன்று இருக்கிறது: கரணை. நடுவதற்காகத் துண்டுபோட்ட கரும்பு. அந்தக் கப்பலில் நடந்ததைப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒன்பதரை மீட்டர் அளவில் துளைத்து, கிடைத்த பாறையை ஒன்றரை மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஒரு பாதியை ஆய்வுக்கும் மறுபாதியைச் சேமிப்புக்கும் வைத்தார்கள். கரும்பு வெட்டியே வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா? கொத்தனார் கையில் இருப்பதும் கரணைதானே என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். சரிதான், அதனால்தான் முன்னால் 'பாறை' சேர்த்துப் பாறைக்கரணை என்கிறேன். குழுவில் சென்னை நண்பர் சொன்ன 'மாதிரி' என்ற சொல்லும் போதாது, ஒரு பிடி மண்ணும் மாதிரிதான்.

இதில் எனக்கு ஆதங்கமும் உண்டு. 2015 நவம்பர் கடைசியில் கொழும்பிலிருந்து கிளம்பிய பயணம், அதே திட்டில் புதிதாக ஒரு துளையை 790 மீட்டர் வரை போட்டுவிட்டு, 2016 ஜனவரியில் எங்கள் போர்ட் லூயிஸில் வந்து முடிந்தது. இரண்டுமே தமிழர் வாழும் துறைமுகங்கள். அந்தப் பாறையைச் சொல்லத்தான் நம்மிடம் ஒரு சொல் இல்லை.

அப்புறம், துளைத்ததில் எவ்வளவு பாறை கைக்கு வந்தது என்பதற்கு குழுவின் சொற்பட்டியலில் 'மீட்பு விழுக்காடு' என்று போட்டிருக்கிறீர்கள். 'தேறிய அளவு' என்றால் போதாதா? 1987-இலும் 1997-இலும் போட்ட அந்தப் பழைய துளையில் 86 சதவீதத்துக்கு மேல் தேறியது, கடினப் பாறையில் அது பெரிய விஷயம். நீளவாக்கில் அறுத்த பாதிக்கு 'வகிர்' (வகிர்ந்த துண்டு) என்ற சொல் சரிவருமா என்று கரும்புக்காட்டுப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது சொல்லுங்கள்.