ஹெஸ்ஸேயின் 'டெமியான்': காயீனுக்கு வக்காலத்து வாங்குகிற நாவலா?

தெருவிளக்கு:
ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'டெமியான்' நாவலை முடித்தேன். முதல் அத்தியாயம் ஒரே மூச்சில் போனது. பசங்க முன்னால் கெத்து காட்ட, திருடாத ஆப்பிளைத் திருடியதாகப் புளுகி, சத்தியமும் செய்துவிடுகிறான் கதை சொல்லும் சிறுவன் சிங்க்ளேர், அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு க்ரோமர் என்ற முரட்டுப் பையன் அவனிடம் காசு பிடுங்குகிறான். டெமியான் என்ற மூத்த மாணவன் வந்த பிறகுதான் எனக்கு இடிக்கிறது. பைபிளில் தம்பி ஆபேலைக் கொன்ற காயீனுக்குக் கடவுள் ஒரு அடையாளம் போடுகிறார் இல்லையா, டெமியான் சொல்வதைப் பார்த்தால் அது கொலைக்குப் பிறகு வந்தது இல்லையாம், முதலிலிருந்தே அவன் முகத்தில் ஏதோ துணிச்சல் இருந்ததாம், பயந்தவர்கள் கட்டிவிட்ட கதைதான் மீதியாம். 'நாங்க வேற ரகம்' என்று திரிபவர்களுக்கு இது லைசன்ஸ் கொடுக்கிற மாதிரி இல்லையா? ஆபேல் செத்தது செத்ததுதானே?

பழையபேப்பர்:
அதை சிங்க்ளேரே கேட்கிறான். பலசாலி ஒருத்தன் பலவீனமானவனைக் கொன்றது நிஜமாக இருக்கலாம் என்று டெமியான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். நழுவல் பதில்தான். ஆனால் க்ரோமரிடம் மாட்டிய அன்று மாலையை மறுபடி படியுங்கள். ஷூ ஈரமாக இருக்கிறது என்று அப்பா திட்டுகிறார், இவனுக்கோ உள்ளே 'இவருக்கு ஒன்றுமே தெரியவில்லையே' என்று ஒரு இளக்காரம். அடையாளம் அங்கேயே விழுந்துவிட்டது, டெமியான் பிறகு அதற்குப் பெயர் வைக்கிறான், அவ்வளவுதான்.

கடைசிவரிசை:
முடிவைச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள். 1917இல், முதல் உலகப் போர் நடக்கும்போது எழுதியது. உளவியலாளர் யுங்கின் மாணவர் லாங்கிடம் ஹெஸ்ஸே உளப்பகுப்பாய்வுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். 1919இல் எமில் சிங்க்ளேர் என்று கதாநாயகனின் பெயரையே புனைபெயராக வைத்து வந்தது, யாரோ இளைஞன் எழுதியது என்று நம்பிப் பரிசே கொடுத்துவிட்டார்கள், நாற்பது தாண்டிய ஹெஸ்ஸே அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று! நன்மையும் தீமையும் சேர்ந்த கடவுளான அப்ராக்ஸாஸ், அதைப் பற்றி சிங்க்ளேருக்குச் சொல்லித்தரும் ஆர்கன் வாசிப்பாளர் பிஸ்டோரியஸ், இந்தப் பகுதிகள் எனக்கு இழுவைதான். காயீனைவிட என்னை உறுத்துவது கடைசி அத்தியாயம். 1914லேயே போர்வெறியைக் கண்டித்து எழுதிய மனிதர், இதில் போரையே ஏதோ புது உலகத்தின் பிரசவம் மாதிரி காட்டுகிறார். அடையாளம் உள்ள டெமியானும் அதில்தான் போய்ச் சேர்கிறான்.

பழையபேப்பர்:
போர் பற்றிச் சொன்னது சரி. லைசன்ஸ் விஷயம் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. க்ரோமர் தொல்லை ஒழிந்ததும் சிங்க்ளேர் என்ன செய்கிறான்? டெமியானுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அப்பா அம்மாவிடம் ஓடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபடி நல்ல பிள்ளை ஆகிவிடுகிறான். டெமியான் பக்கமே தலைகாட்டுவதில்லை. லைசன்ஸ் கிடைத்தவன் அப்படியா ஒளிவான்?